விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். வயது 31. அழகப்பா பல்கலைக்கழகத்தில் பி.காம். படித்தவன். நகரத்தார் வீட்டில் ஒரே மகன். எனக்கு மூத்தவர் ஆச்சி (அக்கா) ஒருவர். நான் தன்பாலீர்ப்பாளன். ஐந்தாண்டுகளாகச் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் எங்களைப் போன்றவர்களுக்கு உதவும் சிறு குழு ஒன்றை நடத்தினேன். ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் முகம் தெரிந்த பிறகு வீட்டில் அடி, அறையில் பூட்டி வைப்பு, ‘வைத்தியம்’, அவசரமாகப் பெண் பார்ப்பு. காவல் நிலையத்துக்குப் போனேன். ‘பெற்றோர் சொல்படி நடப்பேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு அம்மானோடு (தாய்மாமனோடு) அனுப்பிவிட்டார்கள். கோயம்புத்தூருக்கு ஓடி மூன்று மாதம் இருந்தேன். அங்கும் அம்மான் ஆள் அனுப்பினார்; பங்காளிகளும் தலையிட்டார்கள். விசிட்டர் விசாவில் டொராண்டோ வந்து, ஆறாவது வாரத்தில் அகதிக் கோரிக்கை கொடுத்தேன். வேலை அனுமதி கையில் இருக்கிறது. ஸ்கார்பரோவில் பேஸ்மென்ட் அறை. ஒரு கேட்டரிங் சமையல்கட்டில் மணிக்குப் பத்து டாலர், ரொக்கம். படிவம் எழுதிக் கொடுத்தவர் வக்கீலே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. இணையத்தில் நிதி திரட்டலாமா? என் அப்பச்சி, அதாவது அப்பா, வீட்டுப் பங்கை நான் விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அனுப்பி, இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார். அவருக்கு உடம்பு முடியவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் ஊருக்கு வந்து திரும்ப முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
— பெயர் வேண்டாம், டொராண்டோ

பதில்:

தம்பிக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். விடுதலைப் பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். துணைத் தூதரகத்துக்குப் போகாதீர்கள். ஊருக்கும் வரக்கூடாது. உங்கள் அகதி வழக்குக்கு இந்த மூன்றுமே கேடு. பணம், வேலை, படிப்பு எல்லாம் அந்த வழக்கு நின்றால்தான் நிற்கும் என்பதால், வழக்கைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

படிவம் எழுதியவர் விஷயத்தை இந்த வாரமே முடிக்க வேண்டும். கனடாவின் குடிவரவு, அகதிகள் வாரியத்தின் முன் காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காக வாதாட வழக்கறிஞருக்கு உரிமை உண்டு. ஒண்டாரியோவில் உரிமம் பெற்ற பாராலீகலுக்கும் (சட்டத் துணைப் பணியாளர்), வாரிய வழக்குகளுக்கான தனி உரிமம் வைத்திருக்கும் குடிவரவு ஆலோசகருக்கும் உண்டு. ஆலோசகரின் பெயரை, அவர்களுக்கு உரிமம் தரும் ‘காலேஜ்’ என்ற அமைப்பின் பொதுப் பதிவேட்டில் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பதிவேட்டில் இல்லாதவர் ‘நம்ம ஊர் ஆள், நூறு கேஸ் ஜெயித்தவர்’ என்று சொன்னாலும் வேண்டாம். இத்தகையவர்கள் ஒரே கதையைப் பெயர் மாற்றிப் பத்துப் பேருக்கு எழுதுவார்கள். வழக்கை விசாரித்துத் தீர்மானிக்கும் வாரிய உறுப்பினர்களுக்கு அந்தக் கதை மனப்பாடம். வருமானம் குறைவு என்பதால் நீங்கள் ஒண்டாரியோ சட்ட உதவி நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம். தகுதி இருந்தால் சான்றிதழ் தருவார்கள். அகதி வழக்கு எடுக்கும் வழக்கறிஞரிடம் அதைக் கொடுத்தால் கட்டணம் அங்கிருந்தே போய்விடும்.

புது வழக்கறிஞரோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த நபர் எழுதிய பி.ஓ.சி. படிவத்தை (ஏன் அடைக்கலம் கேட்கிறீர்கள் என்று சொல்லும் படிவம்) தமிழில் வரிவரியாக வாசித்துக் கேட்பது. நடக்காத ஒரு கைது, இல்லாத ஒரு தழும்பு, தவறான ஒரு மாதம் எது இருந்தாலும் திருத்திவிடலாம். மாற்றிய பக்கத்தில் மாற்றங்களை அடிக்கோடிட்டு, கையெழுத்தும் தேதியும் போட்டு, ‘முழுமையானது, உண்மையானது’ என்ற உறுதிமொழியோடு விசாரணைக்குப் பத்து நாள் முன்னதாக வாரியத்தில் சேர வேண்டும். பத்து நாள் என்பது கடைசி எல்லை. அதுவரை இழுத்தடிக்க வேண்டாம். தேதி வருவதற்கு முன்பே நீங்களாகத் திருத்தினால் நேர்மையாகத் தெரியும். விசாரணையில் பிடிபட்ட பிறகு ‘அவர் எழுதிவிட்டார்’ என்றால், உண்மையாக நடந்ததையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள். முதல் படிவம் ஏன் தவறாக இருந்தது, யார் எழுதியது, எவ்வளவு பணம் வாங்கினார் என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள்.

இப்போது வழக்கின் நடுப்பகுதி. பாலின ஈர்ப்பின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோர் அகதி வரையறைக்குள் வரலாம் என்பதைக் கனடா உச்ச நீதிமன்றம் 1993-ல் வார்டு வழக்கில் சொல்லிவிட்டது. அங்கே உங்களுக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் இந்தியாவின் இன்றைய சட்ட நிலையில் இருக்கிறது. ‘தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு போய்விட்டதே, 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு இருக்கிறதே, சென்னையில் 2009-லிருந்து வானவில் பேரணி நடக்கிறதே, பிறகென்ன பயம்?’ என்றுதான் உறுப்பினர் தொடங்குவார். இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதோ, இந்தியா முழுக்க நரகம் என்று சொல்வதோ வேலைக்கு ஆகாது. அவர் கையில் வாரியத்தின் இந்திய ஆவணத் தொகுப்பு இருக்கும். மிகைப்படுத்தினால் அதை வைத்தே மடக்குவார்.

பதில் நம் ஊர் தீர்ப்புகளிலேயே இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இட்ட உத்தரவை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் கொடுத்த புகாரை வைத்துக் காவல்துறை எப்படித் தொல்லை கொடுத்தது, ‘மாற்றும் வைத்தியம்’ ஏன் தடுக்கப்பட வேண்டும் என்பதெல்லாம் அதில் வருகிறது. அதைத் தொடர்ந்து 2022-ல் தமிழகக் காவலர் நடத்தை விதியிலேயே இந்தச் சமூகத்தினரைத் துன்புறுத்தக் கூடாது என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அப்படியிருந்தும் 2025 மே 22 அன்று அதே உயர் நீதிமன்றம் இன்னொரு இணையின் வழக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகப் பெற்றோரிடம் ஒப்படைத்த காவலர்களை அந்தத் தீர்ப்பு கண்டித்தது. ஆக, ஏட்டில் பாதுகாப்பு இருக்கிறது. காவல் நிலையத்து மேசைக்கு அது வந்து சேரவில்லை. உங்களிடம் எழுதி வாங்கிய அந்த ஒரு தாள் இந்த வாதத்தோடு நேராகப் பொருந்துகிறது. அது எந்த மாதம், அந்த விதி வந்த பிறகா முன்பா என்பதை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். பிறகு என்றால் இன்னும் வலு.

அடுத்த கேள்வி இதைவிடக் கடினம்: ‘சரி, காரைக்குடியில் முடியாது. மும்பையில், டில்லியில், பெங்களூரில் இருக்கலாமே?’ இந்திய வழக்குகளில் பெரும்பாலும் இங்கேதான் கப்பல் தட்டுகிறது. இதற்கான இரண்டு அடுக்குச் சோதனையே ராசரத்தினம் என்ற இலங்கைத் தமிழரின் வழக்கிலிருந்து வந்தது. அந்த ஊரில் உங்களுக்கு ஆபத்து உண்டா என்பது ஒன்று. இல்லையென்றால், உங்கள் நிலையில் இருப்பவர் அங்கே போய் வாழ்வது நியாயமானதா என்பது மற்றொன்று. தன் ஈர்ப்பை மறைத்துக்கொண்டால்தான் வாழ முடியும் என்ற ஊர் மாற்று இடமாகாது என்று வாரியத்தின் ஒன்பதாம் வழிகாட்டியே சொல்கிறது. இந்த வழிகாட்டி 2017-ல் வந்தது, 2021-ல் திருத்தப்பட்டது. உங்கள் வழக்கறிஞர் இதை மேற்கோள் காட்டுவார்.

உங்கள் பங்கு கோயம்புத்தூரை நிரூபிப்பது. ‘நகரத்தாருக்கு எல்லா ஊரிலும் விடுதி இருக்கிறது, கடை இருக்கிறது, கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்பது வாதம்தான், சாட்சியம் ஆகாது. உங்களைத் தேட அவர்களுக்கு வசதியும் இருக்கிறது, இன்றும் தேடும் எண்ணமும் இருக்கிறது என்று காட்ட வேண்டும். கோவையில் தங்கிய அறையின் வாடகை ரசீதோ யு.பி.ஐ. பதிவோ, வந்தவர்கள் யார், எப்படி முகவரி கிடைத்தது, அதை நேரில் பார்த்த அறைத்தோழரின் பிரமாண வாக்குமூலம் ஆகியவை வேண்டும். கிளம்பி வந்த பிறகும் ஆச்சியிடமோ நண்பர்களிடமோ விசாரித்திருந்தால் அந்தச் செய்திகளும் வேண்டும். பழைய பகையைவிட இன்றைய தேடலுக்குத்தான் எடை அதிகம்.

திருமண அழுத்தத்தை ‘வீட்டில் கல்யாணம் பண்ணச் சொன்னார்கள்’ என்று ஒரு வரியில் விட்டிருப்பீர்கள். அப்படி எழுதினால் உலகத்தில் எல்லா அம்மாக்களும் சொல்வதுதானே என்று கடந்துவிடுவார்கள். நகரத்தாருக்கு ஒன்பது கோயில். ஆண் திருமணம் செய்த பிறகுதான் தன் கோயிலில் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் சேரும் ஒரு குடும்பம். புள்ளி வரி அந்தக் கணக்கில்தான். துணையை இழந்தவர் அரைப் புள்ளி. திருமணமாகாத ஒரே மகன் என்றால் அந்த வீட்டுக்கு அடுத்த தலைமுறைப் புள்ளியே இல்லை. பங்காளிகள் ஏன் தலையிட்டார்கள், தாய்மாமன் ஏன் ஆள் அனுப்பினார் என்பது இதைச் சொன்னால்தான் வெளியாளுக்கு விளங்கும். அரைப் பக்கம் போதும். சமூகத்தைத் திட்டி எழுத வேண்டாம், முறையை விளக்கினால் போதும்.

ஆவணங்களைப் பற்றிச் சில சொல்கிறேன், இதில்தான் நல்ல வழக்குகளும் கோட்டை விடுகின்றன. காவல் நிலையத்தில் நீங்கள் கொடுத்த மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்ததா? எண் இருந்தால் தமிழகக் காவல்துறையின் இணையதளத்திலேயே நிலையைப் பார்க்கலாம். ரசீது கொடுக்கவே இல்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். ஆச்சியை நிலையத்துக்கு அனுப்பிக் கேட்க வேண்டாம், அன்று மாலையே வீட்டுக்குத் தெரிந்துவிடும். வாட்ஸ்அப் மிரட்டல்களை வெட்டிய படமாக வைக்காமல் முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து, எண்ணும் தேதியும் தெரிய வையுங்கள். குரல் பதிவை எழுத்தாக்க வேண்டும். தமிழில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியும் சேர வேண்டும். இல்லாவிட்டால் வாரியம் அதை ஏற்காமலே விடலாம். ‘வைத்தியம்’ பார்த்த இடத்தின் சீட்டு, மாத்திரை உறை, பணம் கட்டிய பதிவு எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். ஆவணங்களும் விசாரணைக்குப் பத்து நாள் முன்பே போய்ச் சேர வேண்டும்.

சென்னை ஓரினம், சகோதரன் போன்ற அமைப்புகளில் உங்களை அறிந்தவர்கள் இருந்தால் கடிதம் கேளுங்கள். ‘இவர் நல்லவர், சமூக ஆர்வலர்’ என்ற கடிதத்தால் பயனில்லை. எந்த ஆண்டிலிருந்து தெரியும், எந்த நிகழ்ச்சியில் சேர்ந்து வேலை செய்தீர்கள், தாக்குதல் நடந்தபோது அவர்கள் நேரில் கண்டது அல்லது அன்றே கேட்டது என்ன என்பது கடிதத்தாளில், கையெழுத்திட்டவரின் அடையாள நகலோடு வர வேண்டும். ஆதார் நகல் என்றால் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியட்டும். அந்தரங்கப் படம், வீடியோ எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். வாரியம் அதைக் கேட்பதில்லை. கேட்கும் ‘ஆலோசகர்’ இருந்தால் அந்த அறையைவிட்டு எழுந்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தைப் பலர் நாளன்றுதான் நினைக்கிறார்கள். டொராண்டோவில் விசாரணைக்கு வரும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலங்கைத் தமிழராக இருக்க வாய்ப்பு மிகுதி. நம் பக்கத்து ‘ஆச்சி’, ‘அம்மான்’, ‘அப்பச்சி’ அவருக்குப் பாட்டியாகவும் வேறு யாராகவோவும் படலாம்; உங்கள் அக்கா பாட்டியாகிவிட்டால் சாட்சியம் முரண்படும். முன்கூட்டியே இந்தியத் தமிழ் என்று குறித்துக் கேளுங்கள். யார் வந்தாலும் உறவுகளை ‘உடன்பிறந்த அக்கா’, ‘அம்மாவின் தம்பி’ என்று விரித்தே சொல்லுங்கள். புரியவில்லை என்றால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும்; முடிந்த பிறகு சொன்னால் மேல்முறையீட்டில் எடுபடாது. அடைத்து வைத்ததையோ அடித்ததையோ சொல்லும்போது தேதிகள் குழம்புகின்றன என்றால், உளவியல் மருத்துவரின் அறிக்கை உதவும். அகதிக் கோரிக்கையாளர்களுக்கான இடைக்காலச் சுகாதாரத் திட்டம் முன் அனுமதியோடு ஆலோசனைச் செலவுக்கு உதவுகிறது. அதை வைத்து விசாரணையில் இடைவேளை, கேள்வி வரிசை மாற்றம் போன்ற வசதிகளும் கேட்கலாம். தூக்கம் இல்லை, நடுக்கம் இருக்கிறது என்றால் வழக்குக்காக இல்லாவிட்டாலும் போய்ப் பாருங்கள்.

முகவரி மாறினால் வாரியத்துக்கும் குடிவரவுத் துறைக்கும் தனித்தனியாக உடனே தெரிவியுங்கள். ஒன்றுக்குச் சொன்னால் மற்றதற்குப் போகாது. பேஸ்மென்ட் மாறி மாறி வாழ்பவர்களின் விசாரணைக் கடிதம் பழைய வீட்டு அஞ்சல்பெட்டியில் கிடந்து, வழக்கு கைவிடப்பட்டதாக முடிவது உண்டு. தேதி வர ஓராண்டைத் தாண்டி இழுப்பதும் சாதாரணம். அதனால்தான் அடுத்ததாக வயிற்றுப்பாடு.

ஒண்டாரியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர் 1 முதல் மணிக்கு 17.60 டாலர். உங்களுக்குப் பத்து. வாரம் 40 மணி என்றால் வாரத்துக்கு 304 டாலர் போகிறது. ரொக்கமாகக் கொடுப்பது குற்றமில்லை. சம்பளச் சீட்டு இல்லாமல், பிடித்தம் இல்லாமல், குறைவாகக் கொடுப்பதுதான் குற்றம். வேலை அனுமதி இருக்கும் உங்களைக் ‘கேஸ் கெட்டுவிடும்’ என்று முதலாளி பயமுறுத்த முடியாது. தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு காலம் உண்டு. இன்றிலிருந்தே நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், வாங்கிய பணம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். புகாரை எப்போது கொடுப்பது என்பது உங்கள் விருப்பம். அடுத்த வேலை கிடைத்த பிறகு கொடுத்தாலும் பணம் வரும். 9-ல் தொடங்கும் சமூகக் காப்பு எண் வேலை அனுமதியின் காலத்தோடு சேர்ந்து காலாவதியாகும் என்பதால், அனுமதியைப் புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

வேலை போய்விட்டால் ஒண்டாரியோ வொர்க்ஸ் உதவிக்கு அகதிக் கோரிக்கையாளரும் விண்ணப்பிக்கலாம். தனி ஆளுக்கு வீட்டு வாடகையும் சேர்த்து அதிகபட்சம் மாதம் 733 டாலர். டொராண்டோவில் அது ஓர் அறை வாடகைக்கே காணாது. ஆனாலும் இடைவெளியை அடைக்கும். வீட்டைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை: வீட்டுக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்தால் வாடகைதாரர் சட்டம் உங்களைக் காக்காது, இரண்டு நாளில் வெளியே போகச் சொல்லலாம். தனிக் கதவு, தனி அடுப்பு உள்ள இடம் கொஞ்சம் விலை கூடினாலும் பாருங்கள். முன்பணமாகக் கடைசி மாத வாடகை மட்டுமே கேட்கலாம். இரவில் தெருவில் நிற்க நேர்ந்தால் 211-க்கு அழையுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பு கேட்கலாம். சர்ச் தெருவில் உள்ள 519 மையத்தில் உங்களைப் போன்ற கோரிக்கையாளர்களுக்கான குழுக்கூட்டமும், விசாரணைக்கு ஆயத்தம் செய்யும் உதவியும் கிடைக்கும். ஸ்கார்பரோவிலிருந்து தூரம்தான். ஆனால் அங்கே உங்கள் கதை ஊருக்குப் போய்விடும் என்ற பயம் இல்லாமல் உட்காரலாம். அந்தச் சவுகரியம் தமிழ்க் கடைத்தெருவில் இப்போதைக்கு இல்லை. இதே காரணத்தால் அங்குள்ள நகரத்தார் சங்கத்தாரிடம் உதவி கேட்டு இப்போது போக வேண்டாம். நல்லவர்கள் இருப்பார்கள். அவர்கள் காரைக்குடிக்குப் பேசும் தொலைபேசியும் இருக்கும்.

நிதி திரட்டலைப் பற்றி என் கருத்து: விசாரணை முடியும்வரை பொது நிதி திரட்டல் வேண்டாம். மனதைத் தொடுவதற்காக எழுதும் நான்கு வரியில் ஒரு தேதி, ஒரு எண்ணிக்கை படிவத்தோடு மோதும். தேடினால் கிடைக்கும் பக்கம் அது. ஊரில் இருக்கும் உங்கள் குழுவினரின் பெயரும் முகமும் வெளியே போகும். சமூக உதவி வாங்கும்போது வரும் நன்கொடையை மறைத்தால் பிற்பாடு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். தெரிந்தவர்கள் தனிப்பட்ட முறையில் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள், கணக்கு வையுங்கள், அலுவலரிடம் முதலிலேயே சொல்லுங்கள். டொராண்டோவைத் தலைமையிடமாகக் கொண்ட ரெயின்போ ரெயில்ரோடு அமைப்புக்கு எழுதலாமா என்று தோன்றும். அவர்களது முதன்மை வேலை ஆபத்தில் இருக்கும் நம்மைப் போன்றவரை அவர் நாட்டிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவருவது; நீங்கள் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டீர்கள். டப்ளினில் உள்ள பிரன்ட் லைன் டிபெண்டர்ஸ் மனித உரிமைப் பணியாளர்களின் பாதுகாப்புக்கு 7,500 யூரோ வரை உதவித்தொகை தருகிறது. உங்கள் வாடகைக்கு அதைக் கேட்பதைவிட, சிவகங்கையில் இன்னும் வேலை செய்யும் உங்கள் தோழர்களின் பாதுகாப்புக்கு அவர்களையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

செயல்பாட்டை நிறுத்த வேண்டுமா? நிறுத்த வேண்டாம். ஐந்தாண்டு வேலை பார்த்தவர் டொராண்டோ வந்ததும் வாய் மூடினால்தான் விநோதமாகத் தெரியும். ஆனால் நேரலையில் உங்கள் வழக்கைப் பேசாதீர்கள், தங்கும் இடம் தெரியும் படம் போடாதீர்கள். பழைய பதிவுகளை அழிக்கவும் கூடாது, அவைதான் சாட்சியம். தேதி தெரியும்படி நகல் எடுத்து வையுங்கள். ஊரில் துணைவர் ஒருவர் இருந்தால் படிவங்களில் அவரை விடாதீர்கள். இன்று வெட்கத்துக்கோ பயத்துக்கோ விட்ட பெயரை நாளை ஸ்பான்சர் செய்ய முயலும்போது சட்டம் அடைத்துவிடலாம்.

அப்பச்சி அனுப்பிய பத்திரத்துக்கு வருகிறேன். முதலில், உங்களுக்குப் பங்கு இருக்கிறதா என்பதே ஒரு கேள்வி. வீடு ஐயா (தாத்தா) கட்டியது என்றால் அவர் எப்போது காலமானார்? 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அவர் உயில் இல்லாமல் இறந்திருந்தால், அப்பச்சிக்கு வந்த பங்கு பொதுவாக அவரது தனிச் சொத்து. அவர் உயிரோடு இருக்கும்வரை பிறப்பால் உங்களுக்கு அதில் உரிமை இல்லை, அவர் விரும்பியபடி உயில் எழுதலாம். 1956-க்கு முன்பே அது பூர்வீகக் கூட்டுச் சொத்தாக இறங்கியிருந்தால் உங்களுக்கும் ஆச்சிக்கும் பங்கு உண்டு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: உரிமையே இல்லாதவரிடம் யாரும் விடுதலைப் பத்திரம் கேட்பதில்லை. கேட்கிறார்கள் என்றால் யாரோ ஒரு வக்கீல் ‘அவன் கையெழுத்து வேண்டும்’ என்று சொல்லியிருக்கிறார். ‘எனக்கும் என் மகனுக்கும் சம்பந்தமில்லை’ என்று நாளிதழில் விளம்பரம் கொடுத்தாலும் அதனால் வாரிசுரிமை போகாது. திருமணம் செய்யாததாலோ தன்பாலீர்ப்பாளர் என்பதாலோ இந்துச் சட்டத்தில் யாருக்கும் பங்கு குறையாது.

பத்திரத்தோடு வந்த செய்திகளையும் உறையையும் பத்திரப்படுத்துங்கள். ‘நீ செத்தவன்’ என்ற தொனியில் ஏதாவது இருந்தால் அது வழக்கில் சேர வேண்டிய காகிதம். துணைத் தூதரகம் ஏன் கூடாது என்றால், இந்திய அரசு என்னைக் காக்காது என்று சொல்லிப் புகலிடம் கேட்கிறவர் அதே அரசின் அலுவலகத்தில் போய்ச் சேவை பெறுவது வழக்கின் அடியை அறுக்கும். கடவுச்சீட்டுப் புதுப்பிப்பதும் அதே கணக்குத்தான். நாளை உண்மையாகவே ஊரில் உங்கள் பங்கைக் காக்க யாருக்காவது அதிகாரம் கொடுக்க வேண்டி வந்தாலும் தூதரகம் தேவையில்லை. கனடா 2024 ஜனவரி 11 முதல் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையென்று வெளிநாட்டுக்குச் சொல்லும் அரசுச் சான்று) ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒண்டாரியோ நோட்டரி முன் கையெழுத்திட்டு, மாகாண ஆவணச் சேவை அலுவலகத்தில் அப்போஸ்டில் வாங்கி அனுப்பினால் போதும். அதிகாரப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும், தாமதித்தால் அபராதம். பொது அதிகாரம் வேண்டாம். இந்தச் சொத்து, இந்தச் செயல் என்று குறிப்பிட்ட அதிகாரம் மட்டும். ‘விற்க’ என்ற சொல் அதில் இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள்.

அதுவரை செய்யக்கூடியது: பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றும், வருவாய்த்துறை இணையதளத்தில் பட்டாவும் பார்த்து ஆண்டுக்கு இருமுறை சேமித்து வையுங்கள். செட்டிநாட்டு வீட்டில் மனையைவிட உள்ளே இருப்பதுதான் முதலில் போகும். பர்மா தேக்குத் தூண், நிலை, கதவு, வெள்ளிச் சாமான், பெட்டகம் எல்லாம் கழற்றப்பட்டுக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்த பிறகு அடையாளம் சொல்லி மீட்பது முடியாத காரியம். ஆச்சி அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டுவரை கைப்பேசியில் ஒரு முறை நடந்து படம் எடுத்தால் போதும். அவருக்கும் பங்கு இருக்கலாம் என்பதால் அவர் எடுப்பதில் தப்பும் இல்லை.

அப்பச்சிக்கு ஏதாவது ஆனால்? கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது கனடாவைவிட்டு வெளியேறினால், உங்கள்மீது ஏற்கெனவே உள்ள நிபந்தனை வெளியேற்ற உத்தரவு அமலாகி, திரும்பி வர வழியே இருக்காது. அகதியாக ஏற்கப்பட்ட பிறகும் ஊருக்கு வரக்கூடாது. 2012-லிருந்து, தன் நாட்டின் பாதுகாப்பை மறுபடி நாடியவர் அகதி நிலையோடு நிரந்தர வதிவிடத்தையும் இழக்கிறார். பத்து நாள் கருமாதிக்குப் போய் வந்தவர் மீதும் வழக்கு வரலாம். இந்தத் தடை குடியுரிமை கிடைத்த பிறகுதான் விலகும். அதற்கு ஐந்தாண்டுக்குள் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். நிரந்தர வதிவிடம் கிடைப்பதற்கு முன் அகதியாக ஏற்கப்பட்டு இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக, 365 நாள்வரை கணக்கில் சேரும். இடையில் ஆத்தாவை (அம்மாவை) பார்க்க மூன்றாம் நாடுதான் வழி. அகதிப் பயண ஆவணத்துக்கு முன்கூட்டியே விசா வேண்டும். மலேசியாவும் இலங்கையும் இன்னும் தன்பாலுறவைக் குற்றமாக வைத்திருப்பதால் அவை வேண்டாம். சிங்கப்பூர் 377ஏ-வை 2022-ல் நீக்கிவிட்டது, ஆத்தாவுக்கும் திருச்சியிலிருந்து நேர் விமானம். ஒரே மகன் கொள்ளி வைக்காவிட்டால் யார் என்ற கேள்வி உங்களை உறுத்தும் என்று தெரியும். பங்காளி வைப்பது நம் வழக்கத்தில் உண்டு, அது நடக்கும். அதற்காக விமானச் சீட்டு பார்க்காதீர்கள்.

படிப்பு வேலையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பி.காம். மதிப்பெண் விவரச்சான்றுக்கு அழகப்பா பல்கலைக்கழகத் தேர்வாணையர் அலுவலகத்தில் அதிகாரக் கடிதத்தோடு ஆச்சியோ நண்பரோ விண்ணப்பிக்கலாம்; மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகமே நேராக அனுப்ப வேண்டும், உங்கள் கைக்கு வந்து பிரிந்த உறை செல்லாது. டேலி கணக்கு மென்பொருள் தெரிந்து வைத்திருப்பீர்கள், அங்கே குவிக்புக்ஸும் சேஜும்தான் ஓடுகின்றன, இரண்டையும் மாலை நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். மத்திய அரசின் இலவச ஆங்கில வகுப்பு ஏற்கப்பட்ட பிறகுதான் கிடைக்கும், மாகாண வகுப்பு இப்போதே கிடைக்கும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கல்லூரிப் படிப்பு என்றால் படிப்பு அனுமதி தனியாக வேண்டும். மார்ச், ஏப்ரலில் சமூக மையங்களில் வரி அறிக்கை நிரப்பும் தன்னார்வலர்களைத் தேடுவார்கள். கணக்குப் படித்த உங்களுக்கு அந்த ஊர் அனுபவம் என்று ஒரு வரி எழுத அதைவிட எளிய வழி தெரியவில்லை. உங்கள் வரி அறிக்கையையும், வருமானம் குறைவாக இருந்தாலும், அங்கேயே நிரப்பிவிடுங்கள்.

ஆச்சியிடம் பேசும்போது ஒரு வேண்டுகோள்: சீடையும் மாவுருண்டையும் அனுப்புகிறேன் என்று முகவரி கேட்டால் வீட்டு முகவரியைக் கொடுக்காதீர்கள். கூரியர் ரசீது மேசையில்தான் கிடக்கும். வழக்கறிஞர் அலுவலகத்திலோ 519-லோ வாங்கி வைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.